நனையாத லேபிள்

வியாபாரத்துக்குப் பிரிண்டர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் ஸ்டேஷனுக்கு உதவும்.

மினசோட்டாவில் எங்கள் ஊரில், விருந்துகளுக்கு மதிய உணவுப் பெட்டி செய்து கொடுப்பது லோரீனின் தொழில். பதினோரு வருஷமாக அங்கே ஆபீஸ் வேலை என் பொறுப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று மூடியில் லேபிள் ஒட்டுவோம். வால்நட் போட்டிருந்தால் அந்தச் சொல் மட்டும் சிவப்பில் இருக்கும். பழைய மெஷின் படுத்துவிட்டதும், கலர் லேசர் பிரிண்டர் வாங்குவோம் என்றேன். இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் ஓடிவிடும், நம் பெட்டிகளோ ஐஸிலிருந்து எடுத்ததும் வியர்க்கும் என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

லோரீன் படித்துவிட்டு, "ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு வெண்டெல்" என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே மறுத்துப் பேசி இங்கே யாருக்கும் பழக்கமில்லை. அடுத்த வாரம் இங்க்ஜெட் வந்து இறங்கியது. விளம்பரத் தாளில் செர்ரிப் பழம் பறித்துத் தின்னலாம் போல வருகிறது என்றாள் லோரீன். சமையலறையே சுற்றி நின்று மெச்சியது. எனக்கு வயிறு எரிந்தது, அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் லேபிள் அழியவே இல்லை. மே போனது, ஜூன் போனது. லேசாக மங்கும், அவ்வளவுதான். உன் லேசர் எப்போது வருகிறது என்று சாலட் கலக்கும் டீன் தினமும் கேட்பான். சரியாகச் சொன்ன மனிதனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

ஜூலையில் தேவாலயத்து விருந்துக்கு அறுபது பெட்டி. கோழி சாலட் இரண்டு வகை, ஒன்றில் வால்நட்டைப் பொடித்துக் கலந்திருந்தது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு வால்நட் பெட்டியை மட்டும் எடுத்து, லேபிளின் சிவப்பு மேல் ஐஸ் கட்டி வைத்துப் பத்து நிமிஷம் விட்டேன். எழுத்து போய் வெளிறிய கறை மிஞ்சியது. அதை ஆர்டிஸிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆர்டிஸ் அங்கே ஆர்கன் வாசிப்பவர், எழுபது வயது. வால்நட் துணுக்கு பட்டாலே அவருக்குத் தொண்டை அடைத்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். ஏன் அவர் என்று கேட்கிறீர்கள். மற்றவர்கள் யாரும் லேபிளைப் படிப்பதே இல்லை. படிக்காத ஆளை வைத்து என்ன சோதனை செய்ய முடியும்?

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வெண்டெல், இது நனைஞ்சிருக்கே. வால்நட் இல்லைல்ல?"

"சிவப்பா ஏதாவது தெரியுதா உங்களுக்கு?"

"தெரியல. வேற பெட்டி கேக்கலாமா... வேணாம் விடு, உனக்கு எதுக்குத் தொந்தரவு."

இங்கே யாரும் கொடுத்ததைத் திருப்பித் தர மாட்டார்கள். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, கவனியுங்கள். தொண்டை அடைத்தால் உடனே போட வேண்டிய அவருடைய ஊசி கைப்பையில் இருந்தது, கைப்பை மாடியில் ஆர்கன் பக்கத்தில் இருந்தது. எடுத்து வரச் சொன்னார்கள், எடுத்து வந்தேன். நான் படியேறி ஓடுகிற ஆள் இல்லை.

அன்று மாலை லோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ அன்னைக்கே சொன்ன, நான்தான் கேக்கல" என்றாள். மூன்று மாதமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். மறுநாளே லேசர் வாங்கினோம்.

ஆர்டிஸின் இறுதிச் சடங்கு அட்டைதான் அதில் முதலில் அடித்தது, இருநூறு. ஒன்றைக் குழாயடியில் பிடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட அசையவில்லை.

ஆனால் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் நானாகவே இங்கே வந்தேன். அந்த அட்டையில் இருந்த படத்தில் ஆர்டிஸின் கன்னத்து நிறம் சரியாக வரவில்லை, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அந்த விஷயத்தில் லோரீன் சொன்னதுதான் சரி. இங்க்ஜெட்டையே வைத்திருந்திருக்கலாம்.