எதிர்க் கோலில் நின்றவன்

– இந்தக் கதையோட வந்தனீங்களெண்டா, சரீப், அடுத்த வள்ளத்திலயே கிண்ணியாவுக்குத் திரும்புங்கோ. நான் வரமாட்டன்.

– சிறிலண்ணே, உங்கட சொந்தத் தம்பி பெட்டிக்குள்ள கிடக்கிறான். கோயில் மணியும் அடிச்சாச்சு. தூக்க ஆளில்லாம அவன்ட பொஞ்சாதி மரியம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா.

– ஐசே, நான் ஒருத்தரையும் மறிக்கேல்லை.

– மறிக்கல்லதான். ஆனா உங்கட உப்புவெளிக் கிளப்பில பந்து விளையாடின ஒருத்தர் செத்தா, பொடியன்கள் சிவப்புச் சேட்டுப் போட்டுத்தானே பெட்டி தூக்குவாங்க? தலைவர் நீங்க முன்பக்கம் பிடிக்காம அவங்க அசையமாட்டாங்களாம்.

– றொபேட் எங்கட ஆளில்லை. அறுபத்தெட்டாம் ஆண்டிலயே சிவப்புச் சேட்டைக் கழட்டினவன். உங்கட குறிஞ்சாக்கேணிக் கிளப்புக்குத்தானே கோல் காத்தவன், நீங்களே தூக்குங்கோவன்.

– தூக்கத்தான் எங்கட ஆக்கள் வந்து றோட்டில நிக்கிறாங்க. மரியம்மாதான் விடுறாவில்ல. அவற்ற தமையன் வரட்டும், பிறகு பாப்பம் எண்டுறா.

– வரமாட்டாராம் எண்டு போய்ச் சொல்லுங்கோ. ஐசே, அண்டைக்கு இறுதியாட்டம். ஆட்டம் முடியப்போற நேரம் எங்களுக்குப் பெனால்டி. அடிக்கிறது நான். கோலுக்குள்ள ஆரு? என்ர தம்பி, உங்கட பச்சைச் சேட்டோட. சின்னனிலயிருந்து எங்கட வளவுக்குள்ள அவனை நிக்கவச்சுத்தான் நான் அடிச்சுப் பழகினனான். எந்தப் பக்கம் அடிப்பன் எண்டு அவனுக்குத் தெரியாமலோ இருக்கும்? பிடிச்சிட்டான். முழுத் திருகோணமலையும் பார்த்துச் சிரிச்சது.

– சிரிச்சதுதான், அண்ணே. எங்கட ஆக்கள் அவனைத் தோளில தூக்கிக்கொண்டு போனாங்க. அவன் அழுதுகொண்டுதான் போனவன்.

– அழுதவனோ? அவனுக்கென்ன அழுகை? என்னத்தைக் குடுத்து வாங்கினனீங்கள் அவனை?

– அல்லாவே! ஒண்டும் குடுக்கல்ல. அந்த மாசம்தானே எங்கட மூத்தவன் லாபிர் காக்கா கடலில மவுத்தானது. கோலுக்கு வேற ஆளில்ல, ஆட்டத்தை விடுவம் எண்டு இருந்தம். றொபேட் எங்கட வீட்டுக்கு வந்தவன். காக்காட சேட்டை உம்மா கழுவிக் கொடியில போட்டிருந்தா. அதை எனக்குத் தாங்க உம்மா, அவன்ட இடத்தில நான் நிக்கிறன் எண்டான்.

– லாபிர் தங்கமான பொடியன். துறைமுகத்தில நான், றொபேட், அவன் மூண்டு பேரும் ஒரே வள்ளத்திலதான் கப்பலுக்குச் சாமான் ஏத்தப் போறனாங்கள். வள்ளம் பிரண்டதோட என்ர தலையில அடி. ஆசுப்பத்திரியிலதான் கண் முழிச்சனான். லாபிர் முதலே தண்ணிக்குள்ள தாண்டுபோனானாம். என்னை இழுத்துக் கரை சேர்த்தது றொபேட்டாம். உயிரைத் தந்தவனே பிறகு ஊருக்கு முன்னால என்ர மானத்தை வாங்கினான். அதுதான் சரீப், எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு. வேற ஒருத்தனெண்டா எப்பவோ மறந்திருப்பன்.

– காக்கா முதலே தாண்டுபோனான் எண்டு உங்களுக்கு ஆரு சொன்னது?

– றொபேட்தான்.

– எங்கட உம்மாக்கு அவன் வேற மாதிரிச் சொன்னவன், அண்ணே. வாசலில நிண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தான் உசிரோட இருக்குமட்டும் அண்ணனுக்குத் தெரியக்கூடாதெண்டு எங்களிட்டச் சத்தியம் வாங்கினவன். தெரிஞ்சா குறிஞ்சாக்கேணிக்கு எதிரா அவர் பந்தில கால் வைக்கமாட்டார், பந்தில்லாட்டி அவர் மனுசனா இருக்கமாட்டார் எண்டான்.

– என்ன தெரிஞ்சா? சொல்லுங்கோ ஐசே, என்ன தெரிஞ்சா?

– உங்களைத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தது எங்கட காக்கா. றொபேட் நீந்திப் போய் அவன்ட கையிலயிருந்து உங்களை வாங்கினவன். உங்களைக் கரையில போட்டுட்டுத் திரும்பிப் பார்த்தா, காக்காவைக் காணல்ல.