தவளக்குப்பத்தில் வாசித்தது போல

டீக்கடை ரேடியோவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், ஐயா. ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது, எனக்குக் காது கூசுகிறது. காத்தவராயனைப் பற்றி இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

இருவருமே மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். அவன் கிதார் வாசித்தான், நான் மைக் செட் வைத்திருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்களின் வீடுகளுக்குப் பாரிசிலிருந்து ராக் இசைத்தட்டுகள் வரும். அவற்றைக் கேட்டுக் கேட்டே அவன் கற்றுக்கொண்டான்.

எழுபத்து நாலில் தவளக்குப்பத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை சினேகிதன் என்பதால் ராக் வாசிக்கப் போனோம். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்கள். காத்தவராயனுக்கு அன்று நல்ல காய்ச்சல். நடுவில் ஒரு கம்பி அறுந்தது. மிச்சக் கம்பிகளை வைத்துக்கொண்டு அவன் இழுத்த இழுப்பில், நான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அடுத்த சுரம் வருமா வராதா என்று அன்று அவனுக்கே தெரியாது. அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது, பிறகு விடவே இல்லை.

அதே பாட்டை எத்தனையோ மேடையில் வாசித்தான். கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு, இளித்துக்கொண்டு, என்னுடையதாகிவிட்ட அந்த வாசிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்தான்.

"தவளக்குப்பத்துல வாசிச்ச மாதிரி வாசிடா" என்பேன்.

"ஒனக்கு வேற வேலையே இல்லியா ராஜாங்கம்? காய்ச்சல்ல என்னா வாசிச்சேன்னே எனக்குத் தெரில" என்பான்.

அவன் தொலைத்ததை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அவனுக்கு அது கேலியாக இருந்தது. அவனை வெறுத்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

எண்பத்தொன்று, ஜூலை பதினாலு. பிரெஞ்சு தேசத் திருநாள். காலையில் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போனார்கள். சாயங்காலம் ஒரு சொல்தா வீட்டுத் தோட்டத்தில் எங்கள் கச்சேரி. கிதாருக்கான பழைய ஆம்பிளிஃபயரில் கரண்ட் கசியும், எர்த் ஒயர் ஒன்றுதான் காவல். அது இருந்தால் உர்ரென்று இரைகிறது என்று எங்கள் ஊர் மைக் செட்காரர்கள் கழற்றிவிடுவது வழக்கம். நான் ஒருபோதும் கழற்றாதவன். அதனால்தான் அவன் வேறு ஆளைக் கூப்பிட்டதே இல்லை.

"எர்த் குடுத்துட்டியாடா?" என்று கேட்டான்.

"குடுத்துட்டேன்" என்றேன்.

உதட்டை மைக்கில் ஒட்டிவைத்துப் பாடுவது அவன் பழக்கம். எர்த் இல்லாமல், கையில் கிதார் இருக்க உதடு மைக்கில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்கள் போலீஸ் ஆட்கள் அவன் சாவை விபத்து என்று எழுதினார்கள். ஊர் வழக்கம் எனக்குத் துணையாக நின்றது.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கிதாரை மாட்டிக்கொள்வதற்கு முன் அவன் மைக்கில் சொன்னான்: "இது நம்ம ராஜாங்கத்துக்கு. ரொம்ப வருஷமா கேக்கறான்." பிறகு ஒரு கம்பியைத் தானே கழற்றி எறிந்துவிட்டு, கண்ணை மூடி வாசித்தான். தவளக்குப்பத்தில் வாசித்தது போலவே. ஏன், அதைவிடவும் மேலாக.

மெயின் சுவிட்ச் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் வாசித்துக்கொண்டே மைக்கை நோக்கி வந்தான். அணைத்திருக்கலாம். அணைத்தால் வாசிப்பும் நின்றுவிடும்.

நல்ல ரசிகன் நடுவில் நிறுத்த மாட்டான், ஐயா.