ஏரிக்கரைப் பூட்டு

— கையெழுத்துப் போட மாட்டேன் அம்மிணி. கொண்டாந்த காயிதத்தை அப்படியே மடிச்சுப் பைக்குள்ள வெய்யி.

— ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன் ஐயா. பன்னண்டு சென்ட்தான். ஏரிக்கரையை ஒட்டி உங்க காட்டு மூலை. சும்மா கெடக்குற இடம்.

— நான் மூணாங்கிளாசோட மாடு மேய்க்கப் போனவன். நீயே படி. நீ படிக்கறதையும் நான் நம்ப மாட்டேன், அது வேற.

— ஏனுங்க, ஊட்டுக்கு வந்த புள்ளகிட்ட இப்படியா பேசுவாங்க? நீ உக்காரு சாமி. எங்கிருந்து வாரே இந்த வெயில்ல?

— சேலம் அஸ்தம்பட்டிங்கம்மா. பேரு யாழினி. சுற்றுலா வேலைங்களைப் பாக்குற இன்ஜினியர். சேந்து எட்டு மாசம்தான் ஆச்சு.

— எட்டு மாசத்துல பன்னண்டு சென்ட் கேக்குது. ரிட்டேர் ஆகறதுக்குள்ள வெண்ணந்தூரையே கேக்கும்.

— அம்மா, ஐயா எப்பவுமே இப்படித்தானா?

— இன்னைக்குப் பரவால்ல சாமி. ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குதுன்னு அடங்கித்தான் பேசறாரு.

— சரிங்க ஐயா, நானே சொல்றேன். நம்ம ஏரிக்கு ரெண்டாவது தவணை நிதி வந்திருக்கு. கரை மேல நடைபாதை, உக்கார நிழற்குடை, கார் நிறுத்த இடம். உங்க பன்னண்டு சென்ட்ல புதுசா ஒரு கழிப்பறை.

— பழசு ஒண்ணு நிக்குதே?

— அதை இடிச்சிருவோம். கட்டி அஞ்சு வருசம் ஆச்சு, பூட்டியே கெடக்கு. ரெக்கார்டுல ‘பயன்பாட்டில் இல்லை’ன்னு இருக்கு.

— இடிக்கறதா!

— ஐயோ, சொம்பு! துணி நனைஞ்சு போச்சா சாமி?

— தண்ணிதானேங்கம்மா, காஞ்சிரும். ஐயாவுக்கு என்ன ஆச்சு?

— அந்த வலது கை அப்படித்தான். ட்ராக்டர்ல இருந்து உழுந்து ஆறு வருசமாச்சு. சொம்புத் தண்ணியே அதுக்குப் பாரம்.

— என்ற கை கதை இப்ப யாரு கேட்டா? இந்தா அம்மிணி, மொதத் தவணை நிதியில என்ன கிழிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?

— படகு வாங்கியிருக்காங்க. ரெண்டு.

— ஆமா, அன்னப்பறவை மாதிரி ரெண்டு படகு. அந்த வருசம் ஏரியில தண்ணி இல்ல. ஒரு படகுல எங்க கோழி அடை உக்காந்துச்சு. பதினோரு குஞ்சு. அந்தத் திட்டத்துல பலன் அடைஞ்சது எங்க கோழி ஒண்ணுதான்.

— அதை நான் ரிப்போர்ட்ல எழுத முடியாதுங்களே!

— சிரிக்காத. கக்கூசைத் தொறக்க வாழை மரம் கட்டுனாங்க, ரிப்பன் வெட்டுனாங்க, போட்டோ புடிச்சாங்க. சாயங்காலம் பூட்டிச் சாவிய ஜீப்புல போட்டுக்கிட்டுப் போனவங்கதான். ஏரியப் பாக்க வண்டி வண்டியாச் சனம் வருது. பொம்பளைங்க எங்க போவாங்க? சோளக்காடா இருந்தா மறைவு. கடலைக்காட்டுல என்ன பண்ணுவாங்க? ஒருத்தனும் யோசிக்கல.

— அதனாலதான் ஐயா புதுசா கட்டறோம்.

— புதுசு கட்டுனா சாவி யாருகிட்ட இருக்கும்?

— வழக்கமா… ஆபீஸ்ல.

— ஆபீஸ் எங்க இருக்குது?

— டவுன்ல.

— இருவத்தஞ்சு மைல். அவசரம்னா பஸ் ஏறி வந்து சாவி கேக்கணுமாக்கும்.

— மோர் குடி சாமி. அவரு பேசிக்கிட்டே கெடப்பாரு.

— குடுங்கம்மா. சாவின்னதும் அந்தப் பழைய சாவி ஞாபகம் வருது. அது கெடைச்சிருச்சுங்க ஐயா. ஆபீஸ் பீரோவை நகத்தும்போது அடியில கெடந்துச்சு. ஒரு கவருக்குள்ள, மேல நம்ம ஏரி பேரு.

— கெடைச்சிருச்சா?

— ஏன் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேக்கறீங்க? வர்ற வழியில போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். சேரல.

— துருப்புடிச்சிருக்கும். அஞ்சு வருசம் மழையும் வெயிலும்.

— துருவே இல்லைங்க ஐயா. ரெக்கார்டுல பித்தளைப் பூட்டு. தொங்கறது இரும்புப் பூட்டு. எண்ணெய் போட்டு வெச்சிருக்கு, கையில ஒட்டுச்சு. வாசல்ல வெளக்குமாத்துத் தடம். பக்கத்துல செவ்வந்திச் செடி, அடியில ஈரம்.

— ஏனுங்க, அந்தச் செடி வேண்டாம்னு நான் அப்பவே—

— நீ சும்மா இரு புள்ள!

— ஐயா, பூட்டை மாத்தினது யாரு?

— மாத்துனா என்ன ஆகும்? அதைச் சொல்லு மொதல்ல.

— ரூல்படி பாத்தா அது அரசாங்கச் சொத்து. உடைச்சவங்க மேல நான் புகார் எழுதணும். போலீசுக்குப் போகும்.

— எழுதிக்க. நான்தான் உடைச்சேன்.

— ஏனுங்க!

— நடுவுல பேசாத சௌந்திரம். கேட்டுக்க அம்மிணி. நாலு வருசத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழமை. சேலத்துல இருந்து ஒரு குடும்பம் வேன்ல வந்துச்சு. பஷீர் அகமதுன்னு, கடைவீதியில பினாயில், சோப்பு யாவாரம். அவரு ஊட்டம்மா அமீனா பீவிக்குச் சக்கரை வியாதி. அடக்க முடியல. கக்கூசைப் பாத்து ஓடுனா பூட்டு. கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னு அழுதுருச்சு. பேரன் பேத்தியெல்லாம் பாத்துக்கிட்டு நிக்குது. அறுவது வயசுப் பொம்பள. எனக்கு ஆத்திரம் தாங்கல. காட்டுல இருந்து கடப்பாறைய எடுத்தாந்து நெம்புனேன். மூணு நெம்பு. பூட்டு தெறிச்சு ஏரிக்குள்ள உழுந்துச்சு.

— இந்தக் கையாலயா ஐயா?

— எடது கையி இருக்குதில்ல? போலீசு கேட்டா அதையும் நானே சொல்லிக்கறேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? தொறந்த கதவை அப்படியே உட்டா நாய் படுக்கும், குடிகாரன் படுப்பான். ராசிபுரத்துல ஒரு பூட்டு வாங்கினேன். நான் மோட்டார் போட்டு ஓஸ் பைப்பு இழுத்துத் தொட்டிய ரொப்பி உடறேன். காலையும் சாயங்காலமும் இவ கழுவறா. பஷீர் பாய் மாசம் ஒரு கேன் பினாயில் கொண்டாந்து போடறாரு. இதைத்தான் பயன்பாட்டுல இல்லைங்கறே. இடி. இடிச்சுப்போட்டுப் புதுசா ஒண்ணு கட்டிப் பூட்டு.

— அம்மா, கேஸை அப்புறம் பாக்கலாம். அந்தச் சாவியைக் குடுங்க.

— எதுக்கு சாமி? பறிமுதலா?

— இல்லைங்கம்மா. காலையில ஏழு மணிக்கு ஸ்கூட்டர் எடுத்தது. இதோட நாலு ஏரி பாத்தாச்சு. நாலுலயும் கட்டடம் இருக்கு, நாலுலயும் பூட்டு தொங்குது. தண்ணி குடிக்கவே பயந்துக்கிட்டுச் சுத்தறேன். இப்ப உங்க மோர் வேற.

— அட என்ற தங்கமே, மொதல்லயே சொல்றதுக்கென்ன! இந்தா, இடுப்புலதான் வெச்சிருக்கறேன். வலது பக்கத்துக் கதவு. வாளியில தண்ணி ரொப்பித்தான் இருக்குது. போ, ஓடு.

— பாத்துப் போ அம்மிணி, படிக்கட்டுல ஈரம் இருக்கும்.

— …ஏனுங்க, எதுக்குங்க இந்த வேலை? அந்தப் புள்ள நல்ல புள்ளயாட்ட இருக்குது. நெசத்தைச் சொல்லிப் போடலாமுங்க.

— நெசம் சொல்ல ஒரு ஆளு போதும். நான் சொல்லியாச்சு.

— ஜெயில்ல போட்டாங்கன்னா? உங்களுக்கு மூணு நாளு சேந்தாப்புல சோறு எறங்காது. களி வேணும்பீங்க.

— அங்க களிதான் போடுவாங்களாமா.

— எங்கூட்டுக் களியாட்ட வருமா?

— அத உட நல்லாத்தான் இருக்கும். நாப்பது வருசம் உன்ற களியத் தின்னவனுக்கு ஜெயிலு ஒரு மாறுதல் புள்ள.

— கண்ணு கலங்கிக்கிட்டே கிண்டல் வேற!

— கண்ணுல தூசி. இந்தா வாரா. மூஞ்சிய நேரா வெய்யி.

— அம்மா… உள்ள கண்ணாடி மாட்டியிருக்கீங்க.

— எங்கூட்டுப் பழைய கண்ணாடி சாமி. ஓரத்துல சித்த உடைஞ்சிருக்கும், கையில பட்டுச்சா?

— இல்லைங்கம்மா. ஆணியில ஊக்கு கோத்து மாட்டியிருக்கீங்க. ஒரு பொட்டு அட்டை. கொழந்தையை உக்கார வெக்க ஒரு பலகை. எங்க ஆபீஸ்லயே இதெல்லாம் கெடையாது.

— ஊக்கு அறுந்துதுன்னு ஒரு புள்ள தவிச்சுது, அதான் வாங்கி மாட்டுனேன். பலகை அவரு அடிச்சது. கோணலா இருக்குதில்ல?

— கோணல் கெடக்குது, எழுது அம்மிணி. பேனாவத்தான் எடுத்துட்டியே. சுப்பையன். அப்பன் பேரு மாரப்பன். வயசு அறுவத்தெட்டு. கடப்பாறையும் வேணும்னா தாரேன், காட்டுலதான் சாத்தி இருக்குது. இவளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதையும் எழுது.

— சுப்பையன்… த.பெ. மாரப்பன். எழுதியாச்சுங்க ஐயா. இப்ப நான் எழுதினதைப் படிக்கறேன், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ‘கழிப்பறைக் கட்டடம் நல்ல நிலையில், பயன்பாட்டில் உள்ளது. இடிக்கத் தேவையில்லை. புதிய கட்டடமும் தேவையில்லை. அந்த நிதியை நடைபாதைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மாற்றலாம்.’ உங்க பன்னண்டு சென்ட்ல கடலையே போடுங்க.

— இப்படி எழுதுனா உன்ற மேலதிகாரி உன்னை உடுவானா?

— திட்டுவாரு. நானும் பேசிக்கறேன். ‘உள்ள போய்ப் பாத்தீங்களா சார்’னு கேப்பேன்.

— அப்ப என்ற பேரு எதுக்கு? கேசுக்குத்தான?

— கேஸ் இல்லைங்க ஐயா. பாரத்துல கடைசியா ஒரு கட்டம் இருக்கு, ‘சாவிப் பொறுப்பாளர்’னு. உள்ளூர்க்காரர் பேரை எழுதலாம்னு ரூல்லயே இருக்கு. எந்த ஏரிக்கும் இதுவரைக்கும் யாரும் அதை நெரப்பல. மேல ஒத்துக்கிட்டாங்கன்னா அந்தப் பேரைப் போர்டுல பெருசா எழுதி வாசல்ல மாட்டுவோம். வர்றவங்க யாரைக் கேக்கணும்னு தெரியணும்ல?

— போர்டுலயா?

— நீலக் கலர்ல, வெள்ளை எழுத்து.

— தெரியாத்தனமா யாரும் அழிக்க மாட்டாங்களே?

— மாட்டாங்க.

— அப்படின்னா என்ற பேரை அடிச்சுப்போடு அம்மிணி. ‘சௌந்திரம்’னு எழுது. இந்தக் கையில எங்க கடப்பாறை தூக்கறது? அன்னைக்கு மூணே நெம்புல உடைச்சவ அவதான்.