இடதுகைப் புஸ்வாணம்

"ஏட்டி, இன்னைக்குக் கடற்கரையில எங்கம்மாவப் பாத்தேன்."

ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு கல்லூரி மாணவிகள். கல்லூரி முகாமுக்காகத் திருச்செந்தூர்க் கடற்கரையில் குப்பை பொறுக்கிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். கால்களில் இன்னும் மணல்.

"உங்கம்மா காலையிலயே பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏறிருச்சே?"

"கொளுத்துன புஸ்வாணக் கூடு ஒண்ணு கெடந்துச்சு. லேபிளு அந்தக் கம்பெனிதுதான். தாள இடப்பக்கமாச் சுத்தியிருந்துச்சு. அங்கன எங்கம்மா மட்டுந்தான் இடதுகை."

"சாக்குல போட்டியா?"

"போட்டேன். பொறவு எடுத்துட்டேன்."

கைக்குட்டையைப் பிரித்தாள். உப்பில் வெளுத்த சின்னக் காகிதக் கூம்பு.

"இத வீட்லயா காட்டப் போற? தான் செஞ்சது கடல்ல குப்பையாக் கெடந்துச்சுன்னா வருத்தப்படாதா?"

"படும். ஆனா எங்கம்மா இன்னும் கடலையே பாத்ததில்லட்டி."

வெளியே கரிசல் காடு அந்தி வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. அவள் கூம்பைச் சங்குபோல் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னட்டி, கேக்குதா?"

"கேக்குது. அடுத்த தடவ எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போகணும். சாக்க நான் பிடிச்சுக்கிடுறேன், அது பொறுக்கட்டும்."