ஜாம்பியாக் கொடியின் பச்சை

சன்னிவேலில் ரயில் ஏறிய ஒரு தமிழ்ப் பெண்ணும் அவரது பத்து வயது மகளும் என் எதிரே உட்கார்ந்தார்கள். மகள் மடியில் ஸ்கூல் ப்ராஜெக்ட் அட்டை. அதில் ஜாம்பியாவின் கொடியை வரைந்துகொண்டிருந்தாள்.

"கழுகைச் சின்னதா போட்டுடாத பாப்பா. எங்கப்பா அங்கதான் இருக்காரு."

"தாத்தா இறந்துட்டார்னு சொன்னீங்க?"

"ஆமா. அங்க மேத்ஸ் டீச்சரா இருந்தப்போ இறந்துட்டாரு. அங்கேயே அடக்கம் பண்ணிட்டு நாங்க நாகர்கோவிலுக்கு வந்துட்டோம். அப்புறம் போகவே முடியல."

மகளின் பென்சில் நின்றது.

"அப்போ எவ்ரி நவம்பர் சான் ஹோசேல நாம கேண்டில் வைக்கிற கிரேவ்? தட்ஸ் நாட் தாத்தா?"

"அது யாரோ. பேர்கூட அழிஞ்சு போச்சு. கல்லறைத் திருநாளுக்குக்கூட அவருக்குன்னு யாரும் வர்றதில்ல. அவருக்கு இங்க நாம ஏத்தினா, அங்க அப்பாவுக்கு யாராவது ஏத்த மாட்டாங்களான்னுதான்."

"ஏத்துவாங்களா?"

அம்மா அட்டையைத் தன் பக்கம் திருப்பினார்.

"கலருக்கெல்லாம் என்ன மீனிங், சொல்லு பார்ப்போம்."

"ஆரஞ்ச், காப்பர். பிளாக், பீப்பிள். ரெட், ஃப்ரீடமுக்காக பிரிட்டிஷ்கிட்ட ஃபைட் பண்ணது. கிரீன், அந்த லேண்ட்ல வளர்ற எல்லாம்."

பச்சைதான் கொடியில் பெரிய பகுதி. மகள் பச்சைப் பென்சிலை எடுத்து வேகவேகமாகத் தீட்டத் தொடங்கினாள்.

"மெதுவா, பாப்பா," என்றார் அம்மா. "அதுக்கு அடியிலதான் இருக்காரு."