ரேடாரில் விரிந்த வளையம்

— திரும்ப வந்துருச்சுடா தம்பி. நேத்து மாதிரியே விடிஞ்சும் விடியாததுமா, உன் வயர்லெஸ் கோபுரம் இருக்கிற இடத்துலேருந்து வெள்ளையா ஒரு வளையம்.

— அக்கா, கோபுரத்தடி அறையிலதான் மீட்டரை வெச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு அலைவரிசையிலயும் சிக்னல் எதுவும் கசியல. கோடு படுத்துத் தூங்குது.

— வாயால சொன்னா ஆச்சா? இங்க ரேடார்ல பளிச்சுன்னு தெரியுதே.

— மெயின் சுவிட்சையே இறக்கிட்டேன் தாயே, போதுமா? நாலு பக்கமும் நாணல் ஏரி. வேற ஒரு பல்பு கூடக் கிடையாது. நீயே நம்பலேன்னா யாரு நம்புவா?

— அக்காவா நம்பறேன். இந்த நாற்காலியில உக்காந்துட்டு நம்ப முடியாது. இது மழை பாக்கற ரேடார்டா. ஒரு பக்கத்தை இந்த வளையம் மறைச்சு, அந்த நேரம் புயல் வந்தா யாரு பதில் சொல்றது? இன்னைக்கும் காரணம் தெரியலேன்னா, கோபுரத்துக்கு சீல் வெக்கச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போடணும்.

— தாராளமா போடு. கடலுக்குப் போன படகுங்களுக்கு இதுதான் வாய். மாமா படகும் அதுல ஒண்ணு.

— அந்தப் பேச்சை எடுக்காதே. அவர் கடல்ல இருக்கறதை நெனச்சு நெனச்சே எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. இரு... வளையம் பெருசாகுது. நடுவுல காலி.

— பெருசாகுதா? சிக்னல் குறுக்கீடுன்னா கோடா விழுந்து அங்கேயே கிடக்குமே.

— அதான் எனக்கும் புரியல. இது பாட்டுக்கு நகருது. நேரம் போகப் போக வேகமா விரியுது. கேட்டுக்கோ, நடுவுல இன்னொண்ணு கிளம்புது. உன் தலைக்கு நேரா.

— அக்கா, வெளிய மழை கொட்டற மாதிரி இரைச்சல்.

— மழையா? மேகமே இல்லடா. கதவைத் திறந்து பாரு.

— திறக்கறேன்... அடேயப்பா!

— தம்பி? சொல்லுடா. இரைச்சல் போன்லயே கேக்குது. என்ன அது?

— வாசலுக்கு வந்துட்டேன்க்கா. நாணல் மொத்தமும் ஆடுது.

— பயமுறுத்தாதே. எந்த மெஷினா இருந்தாலும் முதல்ல அணை. அப்புறம் பேசு.

— எதைன்னு அணைக்கறது அக்கா? குருவிங்க. நாணல்ல ராத்தங்கின அத்தனையும் ஒண்ணா எழுந்து, நாலா பக்கமும் வளையமா விரிஞ்சுட்டே இருக்கு. நீ சீல் வெக்க இருந்த கோபுரத்துக்கு மேல வானமே தெரியல.