வெயில் நாட்டில் ஹீற்றர் பூட்டிய வீரபாகு அவர்களுக்கு

வெக்கையை வென்ற வித்தகரே! வியர்வைக்கு விடை கொடுத்த வேந்தரே! காருக்குள்ளே காற்றைக் குடியேற்றிய கைவண்ணரே! ஸ்கந்தபுரம் வளர்த்த செல்வரே! திருமதி வீரம்மா அவர்கள் முப்பது ஆண்டுகளாகப் பொறுமையோடு கட்டிக்காத்த பொக்கிஷமே! படுத்துக்கொண்டே பணிசெய்து, நித்திரை கொண்டே நிறைவு கண்ட நிபுணரே! கிளிநொச்சி பூங்காற்று வாகனத் திருத்தகத்தின் பணியாளர் அனைவரும் எழுந்து நின்று சொல்லும் வணக்கம்!

இத்தனை விளிகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததற்குக் காரணம் உண்டு. பாராட்டு மடல் என்றால் முகத்துக்கு நேரே புகழ்வதுதான் மரபு. ஆனால் முகத்துக்கு நேரே யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வீரபாகு அவர்கள் ஸ்குரூ டிரைவரைத் தேடிப் போகிறவர் போல எழும்பிப் போய்விடுவார். ஒருமுறை கராஜின் ஆண்டு விழாவில் முதலாளி செல்வநாயகம் ஒலிவாங்கியைப் பிடித்து "எங்கடை வீரபாகு..." என்று தொடங்கியதுதான் தாமதம், கதிரை காலி. தேடிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஒரு காரின் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஆகவே நாங்கள் கூடிக் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். அவரைப் பற்றி அவருக்கே, வேறு யாரோ ஒருவருடைய கதையைப் போலச் சொல்லிவிடுவது. ஐயா, இது வேறொருவருடைய கதை. ஆறுதலாக இருந்து கேளுங்கள்.

வீரபாகு என்று ஒருவர் இருந்தார். கைக்குழந்தையாக மலைநாட்டிலிருந்து தாயின் தோளில் வன்னிக்கு வந்தவர். யுத்தத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில், ஏசி என்ற பேச்சே இல்லாத நாட்களில், இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் ஏதாவது ஒரு பாலை மரத்தின் கீழே சாக்கை விரித்து டாஷ்போர்டுகளைப் பிரித்துப் பூட்டியவர். பிறகு யுத்தம் ஓய்ந்து றோட்டுத் திறந்தது, ஏசி பூட்டிய வாகனங்கள் வந்தன, அவருக்கும் வேலை குவிந்தது. ஆனையிறவின் உப்புக்காற்று குழாய்களை அரித்து அனுப்பியது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய்வந்த வாகனங்களின் காற்று வாய்களில் வேப்பிலையும் திருநீறும் நிறைந்திருந்தன. வேப்பிலையை அவர் குப்பையில் போட மாட்டார். கழுவி, மதில் ஓரத்துச் செவ்வரத்தையின் அடியில் வைப்பார். அந்தச் செவ்வரத்தை பூக்கிற பூவைப் பார்த்தால் அம்மனுக்கும் அதில் சம்மதம் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அவருடைய வேலைமுறை ஒன்று உண்டு. அதை வேறெந்தக் கராஜிலும் நாங்கள் கண்டதில்லை. ஏசி வேலை முடிந்ததும் காருக்குள் ஏறி, கண்ணாடிகளை உயர்த்தி, ஆசனத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். வெளியே தார் இளகிக்கொண்டிருக்கும். உள்ளே மெல்லிய இரைச்சலோடு குளிர் இறங்கும். அவர் நித்திரையாவார். கனவு வந்தால் வேலை சரி. கனவு வராவிட்டால் எங்கோ கசிகிறது என்று திரும்பவும் பிரிப்பார். அலுவலகத்தில் இருக்கும் சுரேகா வாடிக்கையாளர்களிடம், "கார் இன்னும் முடியேல்லை, ஐயாவுக்கு இன்னும் நித்திரை வரேல்லை" என்று சொல்லும்போது புதியவர்கள் திகைப்பார்கள். பழையவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். என்ன கனவு கண்டீர்கள் என்று கேட்டால், "குளிராக் கிடந்தது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அப்படிப்பட்டவரும் எங்கள் எல்லோரையும் போல ஒரு வழக்கத்துக்கு அடிமையாய்த்தான் இருந்தார். எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும் சின்ன ரேடியேற்றர் ஒன்று டாஷ்போர்டுக்குள் இருக்கும். அதுதான் ஹீற்றர். அதில் ஒழுக்கு வந்தால் வன்னியில் எவரும் திருத்துவதில்லை. எஞ்சின் பக்கத்தில் இரண்டு குழாய்களையும் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துவிடுவோம். "இந்த வெயிலுக்கு ஹீற்றர் ஏன்?" என்று வாடிக்கையாளரே சிரிப்பார். எங்கள் ஊர் வாகனங்களின் காற்றுப் பொத்தானைப் பாருங்கள், நீலப் பக்கம் தேய்ந்து வெளிறியிருக்கும். சிவப்புப் பக்கம் கடையில் வாங்கிய அன்று போலவே இருக்கும். டாஷ்போர்டை வேறெதற்காவது பிரிக்க நேர்ந்தால் செத்த ஹீற்றரையும் கழற்றிக் கொட்டிலுக்குப் பின்னால் எறிவோம். பழைய இரும்புக்காரரை எதிர்பார்த்து அங்கே ஒரு குவியலே கிடந்தது.

ஒரு தை மாதம் எங்கள் மின்வேலைக்காரர் ஜெயந்தனின் தங்கை சுதாஜினிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வினோதன் இங்கே படிப்பிக்க வந்த ஆசிரியர், மலைநாட்டில் நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய தாயார் படுக்கையில் இருந்ததால் கலியாணத்தைத் தோட்டத்துக் கோயிலிலேயே வைப்பதென்று முடிவாயிற்று. பெண் வீட்டார் அவ்வளவு தூரம் ஏறிப் போவதா என்று யாழ்ப்பாணத்து உறவுகள் முணுமுணுத்தன. மலைநாட்டுச் சம்பந்தமா என்று சிலர் முணுமுணுக்காமல் நேரேயே கேட்டார்கள். ஜெயந்தன் எதையும் காதில் வாங்கவில்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் பின்னேரம் மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டாருக்கு வரவேற்பும் விருந்தும். விடிய வெளிக்கிட்டால் பொழுதோடு போய்ச் சேரலாம். ஜெயந்தனின் பழைய வான் வண்டியில்தான் பயணம், அவர்தான் சாரதி.

அந்த வானை வீரபாகு இரண்டு நாள் வைத்திருந்து ஏசியைச் சரிசெய்தார். முன் ஆசனத்தின் கால்மிதி ஈரமாய் இருந்தது. ஹீற்றர் ஒழுக்கு. வழக்கப்படி குழாயை வெட்டி இணைத்துவிட்டார். அன்று விடிய, கலியாணச் சனம் பட்டுச்சேலையும் பலகாரத் தட்டுமாய்க் கராஜ் வாசலில் வந்து நிற்க, அவர் தன் வழக்கமான சோதனைக்காக வானுக்குள் ஏறிக் கண்ணை மூடினார்.

குளிர் வந்தது, கனவும் வந்தது. பிறகு அவர் வாயாலேயே நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே கனவு அதுதான். வெள்ளை. மேலும் இல்லை, கீழும் இல்லை, எங்கும் வெள்ளை. அவர் வானை ஓட்டிக்கொண்டிருக்கிறார். வான் மெல்ல மிதக்கிறது. முன்னால் யாரோ நடக்கும் சத்தம் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைக்கிறார். ஒரு உள்ளங்கை அளவு தெளிந்து, உடனே மூடிக்கொள்கிறது. காலடிச் சத்தம் கிட்ட வருகிறது. திரும்பவும் துடைக்கிறார், திரும்பவும் மூடுகிறது.

வெளியே நின்ற ஜெயந்தன் கண்டது, வெயில் பட்டு மின்னும் சுத்தமான கண்ணாடியை ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு துடைப்பதைத்தான். கதவைத் திறந்து உலுக்கினார். வீரபாகு கீழே இறங்கினார். வானின் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வான் இப்ப போகாது தம்பி. டாஷ்போர்டைக் கழட்ட வேணும். ஹீற்றர் பூட்டோணும்."

"அண்ணை, கனவு கண்டிட்டு என்ர தங்கச்சியின்ர கலியாணத்தைக் குழப்பாதேங்கோ!"

"மலை ஏறேக்கை எஞ்சின் இழுக்காதெண்டு ஏசியை நிப்பாட்டுவாய். வெளியிலை பனியும் மழையும். உள்ளுக்கை வான் நிறையச் சனத்தின்ர மூச்சு. கண்ணாடி முழுக்க வெளிறிப் போகும். சுடுகாத்து இல்லாட்டி அது தெளியாது. அதை வெட்டினது நான்தானே?"

"துணியாலை துடைச்சுத் துடைச்சுப் போவன் அண்ணை."

"துடைக்கிற கை துடைச்சால், வளைவிலை ஸ்டியரிங்கை ஆர் பிடிக்கிறது?"

பெண்ணின் தாய் சிவனேஸ்வரி அம்மா முன்னே வந்தார். "தம்பி வீரபாகு, அங்கை சமைச்சு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருப்பினம். நாங்கள் பிந்திப் போனால் என்ன நினைப்பினம்? மலைநாட்டுச் சனம்தானே எண்டு இளப்பமா நினைச்சிட்டினம் எண்டெல்லோ நினைப்பினம்? என்ர பிள்ளை அந்த வீட்டிலையெல்லோ வாழப்போறாள்."

அந்தச் சொல்லின் கனம் அங்கே நின்றவர்களில் வீரபாகுவுக்குத்தான் நன்றாய்த் தெரியும். மலைநாட்டார் வீடு என்று வந்து சேராத விருந்தாளிக்காக வாசலைப் பார்த்திருந்த வீட்டில் வளர்ந்தவர் அவர்.

"அக்கா, நானும் அந்தச் சனம்தான். பிந்தி வந்தால் கோவிப்பம். கோவிச்சுப்போட்டுச் சாப்பாடு போடுவம். வராமலே விட்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

சிவனேஸ்வரி அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கே கிடந்த ரயர் ஒன்றின்மேல் இருந்துவிட்டார். ஜெயந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோபம் குறையாமலே, வயர்களைக் கழற்றத் தொடங்கினார்.

அதன் பிறகு நடந்ததைக் கண்டவர்கள் பாக்கியசாலிகள். டாஷ்போர்டு முழுதாய் வெளியே வந்து வாசலில் படுத்தது. வேகம் காட்டும் முள்ளும், வானொலியும், பிள்ளையார் சிலையும் வரிசையாய்ச் சாக்கில் அமர்ந்தன. வீரபாகு கொட்டிலுக்குப் பின்னால் போய், நாங்கள் எறிந்த ஹீற்றர் குவியலைக் கிளறினார். அளவு பொருந்தியவற்றை ஒவ்வொன்றாய்த் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி வாயால் ஊதினார். குமிழி, குமிழி, திரும்பவும் குமிழி. அவருடைய உதடு கறுத்துப் போயிற்று. கடைசியில் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழி விடாமல் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். துருப்பிடித்து இறுகியிருந்த சிவப்புப் பக்கத்துக் கம்பிக்கு எண்ணெய் விட்டு, இழுத்து, தளர்த்தினார். இனிச் சோதனை. நடு வெயிலில், கண்ணாடிகளை மூடி, கலியாணச் சனத்தை உள்ளே ஏற்றி, ஹீற்றரைப் போட்டார். பெண் தோழிமாரின் முகப்பூச்சு இளகியது, மல்லிகை வாடியது, ஒரு பெரியவர் "இவனுக்கு விசர்" என்று உரத்தே சொன்னார். வீரபாகு மட்டும் கையைக் கண்ணாடியில் வைத்து, அது சூடேறுவதைப் பார்த்துச் சிரித்தார்.

மத்தியானம் ஆகும்போதுதான் வான் போனது. வீரபாகு வேறொரு காரின் ஏசியை முடித்து, உள்ளே ஏறி, ஆசனத்தைச் சாய்த்தார். நித்திரை வரவில்லை. இறங்கினார். திரும்பவும் ஏறினார். ஒரு குடும்பத்தின் மானத்தைத் தன் கனவுக்காகப் பந்தயம் வைத்துவிட்டோமோ என்ற பயம் அவருடைய முகத்தில் அப்படியே தெரிந்தது. பொழுது படும் வரைக்கும் கைப்பேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே திரிந்தார். அழைப்பு வந்தபோது நாங்களும் சுற்றி நின்றோம்.

"அண்ணை, ஜெயந்தன். வானை ஓரமா நிப்பாட்டிப்போட்டுக் கதைக்கிறன்."

"ஏன்? தண்ணி ஒழுகுதோ?"

"ஒழுகேல்லை. கண்ணாடி நல்ல தெளிவு. வெளியிலை ஒரே வெள்ளை அண்ணை, லைற் விழுற இடம் மட்டும்தான் தெரியுது. வழியிலை ரெண்டு வாகனம் கண்ணாடியாலை பாதை தெரியாமல் நிக்குது." மூச்சு வாங்கினார். "இப்ப ஒரு வளைவிலை, அண்ணை, ஒரு அம்மா. தலையிலை கொழுந்து மூட்டை. குறுக்கால கடந்தா. கண்டிட்டன். பிரேக்கைப் போட்டிட்டன்."

வீரபாகு கைப்பேசியைக் காதோடு அழுத்தினார்.

"அவாக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை. என்னை நல்லாப் பேசிப்போட்டு நடக்கிறா."

"எந்தப் பக்கம்?"

"மேலுக்கு. கொழுந்து நிறுக்கிற கொட்டிலுக்கு."

"அவா போய்ச் சேரட்டும். பிறகு வானை எடு."

மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் கோவித்தார்கள், பிறகு சாப்பாடு போட்டார்கள். மறுநாள் முகூர்த்தம் தவறாமல் தாலி ஏறியது. அந்தக் குவியலை நாங்கள் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கவில்லை. ஒழுகுகிற ஹீற்றரை இப்போது எங்கள் கராஜில் எவரும் வெட்டுவதும் இல்லை. வாடிக்கையாளர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று பூட்டித்தான் அனுப்புகிறோம்.

ஐயா! டாஷ்போர்டுக்குக் கீழே இனிக் கழுத்து மடங்காது, ஓய்வு எடுக்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்ன அன்று இந்தக் கராஜில் மத்தியானச் சோறு எவருக்கும் இறங்கவில்லை. உங்களை அனுப்ப எங்களுக்கு மனமில்லை, அதை மறைக்கவும் தெரியவில்லை. இன்று உங்களுக்குப் பொன்னாடை போர்த்தவும் மாலை அணிவிக்கவும் சுதாஜினியும் வினோதனும் மலையிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் இருக்கிறார்கள். சிவனேஸ்வரி அம்மா பலகாரத் தட்டோடு வந்திருக்கிறார்.

அந்தக் கொழுந்து மூட்டை அம்மா மட்டும் வரவில்லை. அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது, உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. ஒரு பின்னேரம் யாரோ ஒரு வான்காரனைப் பேசியதைக் கூட அவர் மறந்திருப்பார். இன்றைக்கும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பனிக்குள்ளே வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். அவர் நடக்கும் காலமெல்லாம் நீங்களும் நோய் நொடியின்றி, நித்திரையும் கனவும் குறையாமல், நீடூழி வாழ்க!

இங்ஙனம்
உங்களை விட்டுப் பிரிய மனமில்லாத
பூங்காற்று வாகனத் திருத்தகப் பணியாளர்கள்,
கிளிநொச்சி.